வீட்டுக்கு ஒரு தாக்கோல்: குடும்பத்துப் பாஸ்வேர்டுகளை எல்லோருடைய போனிலும் கணினியிலும் வைப்பது எப்படி?

நெஞ்சுவலி என்று அப்பாவை நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்த அன்று ராத்திரி, காப்பீட்டுக் கணக்கின் பாஸ்வேர்டைத் தேடி அவருடைய டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பச்சை அட்டை போட்ட டைரி. ஒரே கணக்குக்கு நான்கு பாஸ்வேர்டு எழுதி, மூன்றை அடித்திருந்தார். மிஞ்சிய ஒன்றின் நடுவில் இருப்பது பூஜ்யமா, 'ஓ' என்ற எழுத்தா என்று தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவை கணக்கு பூட்டிக்கொண்டது. புதுசாக மாற்றலாம் என்றால் ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகிறது. போன் அவருடைய விரல் ரேகைக்குத்தான் திறக்கும். அவர் ஐசியுவில் இருந்தார். அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எங்க மக்ளே ஓர்மை? எல்லாம் அப்பால்லா பாப்பாவ" என்றார்.

அப்பா நலமாகத் திரும்பி வந்துவிட்டார். அவர் வந்த மறு வாரமே வீட்டில் உட்கார்ந்து செய்த ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினியில் பெரிய பழக்கம் இல்லாதவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் செய்து முடித்துவிடலாம். காசு செலவு கிடையாது. வீட்டில் ஒரு வைஃபை ரவுட்டரும், ஒரு கணினியும், ஆளுக்கொரு போனும் இருந்தால் போதும்.

எங்கள் பக்கம் சாவியைத் தாக்கோல் என்போம். இந்த ஏற்பாட்டையும் அப்படியே புரிந்துகொள்ளலாம். எல்லாப் பாஸ்வேர்டுகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். கணினிக்கு அந்தப் பெட்டி ஒரு சின்ன ஃபைல்தான், முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது திறக்கும் சொல் இல்லாமல் யாராலும் வாசிக்க முடியாதது. அதன் நகல் வீட்டிலுள்ள ஒவ்வொரு போனிலும் கணினியிலும் இருக்கும். ஒன்றில் மாற்றினால் வைஃபை வழியாக மற்றவற்றிலும் தானாக மாறிவிடும். பெட்டியைத் திறக்க வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொற்றொடர் உண்டு. அதுதான் தாக்கோல்.

இணையத்தில் வைத்துத் தரும் பாஸ்வேர்டு சேவைகள் நிறைய இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தை அடித்தபோது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், மின்கம்பங்கள் சாய்ந்து, கரண்டும் போன் சிக்னலும் நாள்கணக்கில் இல்லாமல் போனால் வீடு எப்படி இருக்கும் என்று. பெட்டி போனுக்குள்ளேயே இருந்தால் சிக்னல் இல்லாவிட்டாலும் பாலிசி எண்ணையும் கணக்கு எண்ணையும் எடுத்துப் பார்க்கலாம். எனக்கு அது பெரிய காரணம்.

வால்ட்வார்டன் என்று ஒன்றை ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினியில் போட்டு, வீட்டிலேயே பாஸ்வேர்டு சர்வர் நடத்துகிறவர்களும் உண்டு. நல்ல மென்பொருள்தான். ஆனால் அதற்குப் பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வேண்டும், அடிக்கடி அப்டேட் போட வேண்டும், பார்த்துக்கொள்ள ஒரு ஆள் எப்போதும் வேண்டும். அந்த ஆளே ஒருநாள் ஐசியுவில் இருக்கலாம். அதனால் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எது உள்ளே, எது வெளியே

தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். குடும்பப் பெட்டிக்குள் போக வேண்டியவை: மின்கட்டணக் கணக்கு, கேஸ், காப்பீடு, பி.எஃப்., ஐ.ஆர்.சி.டி.சி., பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிக் கணக்குகள், டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவு, வைஃபை பாஸ்வேர்டு, ரவுட்டரின் பாஸ்வேர்டு. தட்கல் 11 மணிக்குத் திறக்கும்போது தங்கை போன் போட்டு "ஐ.ஆர்.சி.டி.சி. பாஸ்வேர்டு என்னண்ணே?" என்று கேட்பது எங்கள் வீட்டில் இதோடு நின்றது.

ஏடிஎம் பின், யுபிஐ பின் இரண்டையும் இதில் வைக்காதீர்கள். அவற்றை யாரிடமும், வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்றுதான் வங்கிகள் சொல்கின்றன. அவரவருக்கென்று தனிப்பெட்டி ஒன்றை இதே முறையில் செய்து, அவரவர் தாக்கோலோடு வைத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பிள்ளையின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு குடும்பப் பெட்டிக்கு வர வேண்டியதில்லை. கேட்கவும் கூடாது.

ஒவ்வொரு கணக்கின் குறிப்பிலும் அது எந்த சிம்மோடு, எந்த ஈமெயிலோடு சேர்ந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தும் ஓடிபி எந்த நம்பருக்குப் போகிறது என்று தெரியாமல் முழிக்கிற வீடுகள்தான் அதிகம். டிராயரில் கிடக்கும் பழைய பட்டன் போன் சிம்முக்கு எதற்காக ரீசார்ஜ் செய்கிறோம் என்பதும் அப்போதுதான் விளங்கும்.

பெட்டியைச் செய்வது

கணினியில் கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், இலவசம், திறந்த மூலம். இதன் மூத்த மென்பொருளான கீபாஸ் 2003 முதல் இருக்கிறது. அது உருவாக்கிய கேடிபிஎக்ஸ் என்ற ஃபைல் வகையைப் பல செயலிகள் திறக்கும். நாளைக்கு ஒரு செயலி நின்றுபோனாலும் பெட்டி நின்றுபோகாது.

முதலில் டாக்குமெண்ட்ஸுக்குள் 'பெட்டி' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அப்புறம் கீபாஸ்எக்ஸ்சியில் 'கிரியேட் டேட்டாபேஸ்' அழுத்திப் பெயர் கொடுங்கள். மறையாக்கம் பற்றிய பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டாம், அடுத்தது அழுத்துங்கள். திறக்க ஒரு வினாடி ஆகும்படி அது தானே அமைத்துக்கொள்ளும். சரியான தாக்கோல் போடுகிற நமக்கு ஒரு வினாடி ஒன்றுமில்லை, கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க வேண்டிய திருடனுக்கு அதுதான் சுவர். அந்த அளவை ஐந்து வினாடி வரை கூட்டினால், அம்மாவின் பழைய போனில் பெட்டி திறக்கத் திணறும். 'கீ ஃபைல்' சேர்க்கவா என்று கேட்கும், பெட்டியைத் திறக்கத் தாக்கோலோடு சேர்த்துக் காட்ட வேண்டிய இன்னொரு ஃபைல் அது. வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. தொலைப்பதற்கு இன்னொரு பொருளாகிவிடும். கடைசியில் ஃபைலை அந்தப் 'பெட்டி' ஃபோல்டருக்குள் சேமியுங்கள்.

இடையில் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

தாக்கோல்

2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு சேவை நிறுவனத்தில் புகுந்தவர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களையே நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். தாக்கோல் வலுவாக இருந்தவர்களின் பாஸ்வேர்டுகளை எளிதில் உடைக்க முடியாது. பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் போட்டவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நம் பெட்டியும் ஒருநாள் தொலைந்த போனோடு வெளியே போகலாம். அன்றைக்குத் தாக்கோல் ஒன்றுதான் காவல்.

மனம் தானாகத் தேர்ந்தெடுக்கும் சொற்களை நம்ப வேண்டாம், பகடையிடம் விடுங்கள். பிள்ளைகளின் நோட்டில் ஆறு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஆறு சொல். மொத்தம் 216 சொற்கள். வீட்டார் எல்லோரும் சேர்ந்து நிரப்புங்கள்: கடல், குடம், பனை, சாயா, வலை, தேன், ரப்பர், மண்வெட்டி என்று எது வேண்டுமானாலும். பாம்பு ஏணி விளையாட்டின் பகடையை எடுத்து உருட்டுங்கள். முதல் உருட்டு பக்கம், இரண்டாவது வரிசை, மூன்றாவது அந்த வரிசையில் எத்தனையாவது சொல். ஒரு சொல் கிடைத்துவிட்டது. இப்படி ஆறு சொல் எடுங்கள். வந்ததை மாற்றக் கூடாது. "இது நல்லா இல்ல, இன்னொரு தடவை உருட்டலாம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள், விடாதீர்கள்.

அந்த நோட்டே திருடன் கையில் கிடைத்தாலும், 216 சொற்களில் ஆறை அமைக்கும் வழிகள் நூறு லட்சம் கோடிக்கு மேல். வினாடிக்கு ஒன்று என்று ஒரு கணினி போட்டுப் பார்த்தால் எல்லாவற்றையும் முடிக்கச் சுமார் 32 லட்சம் வருடம் ஆகும். ஆயிரம் கணினி வைத்திருப்பவனுக்கும் அது மூவாயிரம் வருடத்துக்கு மேல். ஏழாவது சொல் ஒன்றையும் சேர்த்தால் இன்னும் 216 மடங்கு.

தமிழர்களுக்கென்று இரண்டு எச்சரிக்கை உண்டு. ஒன்று, தாக்கோலைத் தமிழ் எழுத்திலேயே வைக்க ஆசையாக இருக்கும். வைக்காதீர்கள். 'கொ' என்ற எழுத்தில் 'க'வோடு சேரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் அனுப்பலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் அனுப்பலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான், கணினிக்கு இரண்டும் வேறு. கணினி விசைப்பலகை ஒரு விதமாகவும் அம்மாவின் போன் வேறு விதமாகவும் அனுப்பினால் சரியான சொல்லைப் போட்டும் பெட்டி திறக்காது. அதனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பதே நல்லது.

அதில்தான் இரண்டாவது சிக்கல். 'முற்றம்' என்று எழுத எத்தனை 'டி'? நான் ஒன்று போடுவேன், தங்கை இரண்டு போடுவாள். புளியும் புலியும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடும். ழ, ள, ற வரும் சொற்களை நோட்டில் எழுதும்போதே தவிர்த்துவிடுங்கள். நெடிலுக்கு ஒரு 'ஏ'யா இரண்டு 'ஏ'யா என்பதையும் முதலிலேயே முடிவு செய்து, ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் ஆங்கில எழுத்தில் எப்படி அடிப்பது என்று எழுதி வையுங்கள். எல்லாம் சின்ன எழுத்து, சொல்லுக்குச் சொல் ஒரு இடைவெளி. எங்கள் வீட்டில் முதல் வாரம் நடந்த குழப்பமெல்லாம் இதில்தான் நடந்தது.

பழைய பாஸ்வேர்டுகளைக் கொண்டுவருவது

குரோமில் ஏற்கெனவே சேமித்தவை இருந்தால், அதன் பாஸ்வேர்டு மேனேஜர் அமைப்புக்குள் போய் சிஎஸ்வி ஃபைலாக எடுத்துக் கீபாஸ்எக்ஸ்சியில் இம்போர்ட் செய்யலாம். அந்த சிஎஸ்வி ஃபைலில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாக, யாரும் வாசிக்கும்படி இருக்கும். வேலை முடிந்த அந்த நிமிடமே அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

டைரியில் இருப்பதைக் கையால்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் போட்டு உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுப் பெட்டியில் சேருங்கள். பத்துப் பதினைந்து கணக்கு ஏறினாலே போதும், மீதியைத் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம். ஈமெயில் பாஸ்வேர்டை மட்டும் முதல் நாளே புதிதாகவும் நீளமாகவும் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' கடிதமெல்லாம் அங்கேதான் வந்து விழும்.

வீட்டுக் கருவிகளை இணைப்பது

இனி பெட்டியை மற்றப் போன்களுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு சின்க்திங் என்ற மென்பொருள். நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பகமும் இல்லாமல், ஒரு கருவியிலிருந்து நேராக இன்னொரு கருவிக்கு ஃபைலை அனுப்பி, இரண்டையும் ஒரே நிலையில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. போகும் வழியிலும் மறையாக்கம் உண்டு.

கணினியில் நிறுவி ஓடவிட்டால், 127.0.0.1:8384 என்ற முகவரியில் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். இணையத்தளம் போலத் தெரிந்தாலும் அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம். ஆண்ட்ராய்டு போனில் ஒரு கவனம் வேண்டும். சின்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளைப் பார்த்து அதைத் தேடாதீர்கள். சின்க்திங்-ஃபோர்க் என்ற செயலியை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். கூடவே பெட்டியைத் திறக்க கீபாஸ்டிஎக்ஸ் என்ற செயலியும் வேண்டும்.

அம்மாவின் போனை நான் இணைத்ததை அப்படியே சொல்கிறேன். அடுக்களை மேசையில் கணினியையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கணினிப் பக்கத்தில் 'ஆக்‌ஷன்ஸ்' மெனுவில் 'ஷோ ஐடி' அழுத்தினால் ஒரு கியூஆர் குறியும், ஏழேழு எழுத்தாக எட்டுக் கூட்டம் கொண்ட நீண்ட அடையாள எண்ணும் வரும். அம்மாவின் போனில் சின்க்திங்-ஃபோர்க்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, கேமராவால் அந்தக் குறியைப் பிடித்தேன். பெயர் 'முன்னறை கணினி' என்று கொடுத்தேன். அரை நிமிடத்தில் கணினித் திரையில் "புதிய கருவி இணையக் கேட்கிறது" என்ற பொருளில் ஒரு பெட்டி எழும்பியது. அதில் 'ஆட்' அழுத்தி 'அம்மா' என்று பெயர் போட்டேன். இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் இணைப்பு. பக்கத்து வீட்டுப் போன் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

பிறகு கணினியில் 'ஆட் ஃபோல்டர்' அழுத்தி, 'பெட்டி' ஃபோல்டரைக் காட்டி, 'ஷேரிங்' பகுதியில் அம்மாவுக்கு நேரே டிக் போட்டேன். அம்மாவின் போனில் அழைப்பு வந்தது. ஏற்றுக்கொண்டு, போனில் எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று காட்டினேன். கொஞ்ச நேரத்தில் 'அப் டு டேட்' என்று பச்சையாக வந்தது. கீபாஸ்டிஎக்ஸில் அந்த ஃபைலைத் திறந்து, ஆறு சொல்லையும் அம்மாவையே அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை திறந்தது. அதற்குப் பிறகு விரல் ரேகையால் திறக்கும்படி அமைத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த முதல் தடவை அவரே அடித்தது முக்கியம்.

மூன்று விஷயத்தை உடனே சரிசெய்யுங்கள். போனின் பேட்டரி அமைப்பில் சின்க்திங்-ஃபோர்க்குக்கு 'கட்டுப்பாடு வேண்டாம்' என்று கொடுங்கள், இல்லாவிட்டால் போன் அதைத் தூங்க வைத்துவிடும். செயலியின் 'ரன் கண்டிஷன்ஸ்' பகுதியில் வீட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டும் ஓடச் சொல்லுங்கள். அதற்கு இருப்பிட அனுமதி கேட்கும், வைஃபையின் பெயரைப் படிக்க ஆண்ட்ராய்டு போட்டிருக்கும் விதி அது, பயப்பட வேண்டாம். கணினியில் அந்த ஃபோல்டரின் 'ஃபைல் வெர்ஷனிங்' பகுதியில் 'சிம்பிள்' என்பதைத் தேர்ந்து பத்துப் பழைய நகல் வைக்கச் சொல்லுங்கள். இது மற்றக் கருவியிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டுமே பழைய நகலை எடுத்து வைக்கும். அதே கணினியில் நீங்களே தவறாக அழித்தால் காப்பாற்றாது. அதற்கு கீபாஸ்எக்ஸ்சியின் அமைப்பில் 'சேமிக்கும் முன் பேக்கப் எடு' என்ற இடத்திலும் டிக் போட வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் சின்க்திங்குக்கு மோபியஸ் சின்க், பெட்டியைத் திறக்கக் கீபாசியம் என்ற இரண்டையும் பயன்படுத்தலாம். ஐபோன் செயலிகளைப் பின்னணியில் நீண்ட நேரம் ஓடவிடாது என்பதால், அவ்வப்போது மோபியஸைத் திறந்து ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும்.

எல்லாப் போன்களையும் முன்னறைக் கணினியோடு மட்டும் இணைத்தால் குழப்பம் குறையும். ஆனால் நடுவில் சர்வர் இல்லாததால் கணினி அணைந்திருக்கும்போது எதுவும் நகராது. ஒருநாளில் அரை மணி நேரமாவது கணினியும் போன்களும் ஒரே வைஃபையில் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கருவிகள் ஒன்றையொன்று காணவில்லை என்றால்

என்னிடம் உதவி கேட்ட சொந்தக்காரர்கள் வீடுகளில் மாட்டிக்கொண்ட இடம் பெரும்பாலும் இதுதான். முதலில் போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா பாருங்கள். விருந்தாளிக்கென்று விடும் அந்த வைஃபை, கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்கும். சில ரவுட்டர்களில் 'ஏபி ஐசோலேஷன்' என்ற அமைப்பும் இதையே செய்யும். அதை அணையுங்கள்.

மாடிக்கு சிக்னல் எட்டாமல் இரண்டாவது ரவுட்டர் போட்ட வீடுகளில் வேறு கதை. கீழே உள்ள கணினிக்கு ரவுட்டர் தரும் ஐபி முகவரி 192.168.1 என்று தொடங்கும், மாடிப் போனின் முகவரி 192.168.0 என்று தொடங்கும். ஒரே வீடு, ஆனால் இரண்டு தனித்தனி வலை. மாடி ரவுட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வலைக்குள் வந்துவிடும். விண்டோஸில் வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று பதிந்திருந்தாலும் ஃபயர்வால் தடுக்கக்கூடும். 'பிரைவேட்' ஆக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி தொடங்கினால் ரவுட்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது நம் ஊரில் வழக்கம். தாராளமாகக் கழற்றுங்கள். மறுபடி மாட்டியதும் விட்ட இடத்திலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு பேர் ஒரே நாளில் மாற்றினால்

நான் காலையில் பேருந்தில் போகும்போது போனில் ஒரு பாஸ்வேர்டை மாற்றினேன். அதே நேரம் வீட்டில் கணினியில் என் மனைவி கேஸ் கணக்கைச் சேர்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சின்க்திங் இரண்டு வெவ்வேறு பெட்டிகளைப் பார்த்தது. ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைப் பெயரில் 'சின்க்-கான்ஃபிளிக்ட்' என்ற சொல்லும் தேதியும் சேர்த்துப் பக்கத்திலேயே வைத்தது. எதையும் அழிக்கவில்லை. புதியவர்கள் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டுக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அதற்குள் இருப்பது ஒருவரின் ஒருநாள் மாற்றம்.

செய்ய வேண்டியது இதுதான். கீபாஸ்எக்ஸ்சியில் வழக்கமான பெட்டியைத் திறந்து, 'டேட்டாபேஸ்' மெனுவில் 'மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்' அழுத்தி, அந்தக் கான்ஃபிளிக்ட் ஃபைலைக் காட்டுங்கள். தாக்கோல் கேட்கும். போட்டால் இரண்டும் ஒன்றாகச் சேரும். ஒரே கணக்கு இரண்டிலும் மாறியிருந்தால் பிந்திய மாற்றம் நிற்கும், முந்தியது அந்தக் கணக்கின் 'ஹிஸ்டரி'யில் இருக்கும். இரண்டு மாற்றமும் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, சேமித்த பிறகுதான் கான்ஃபிளிக்ட் ஃபைலை அழிக்க வேண்டும்.

இது அடிக்கடி வராமல் இருக்க, வீட்டில் இரண்டு பேர் மட்டும் மாற்றம் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா போன்களில் கீபாஸ்டிஎக்ஸைத் திறக்கும்போது எழுதத் தடை போட்டுத் திறக்கும்படி வைத்திருக்கிறேன். அவர்கள் பார்க்கலாம், கை தவறி எதுவும் அழியாது.

வெளியூரில் இருப்பவர்கள்

இந்த மாவட்டத்தில் ஒரு ஆளாவது கடல் கடந்து இல்லாத வீடு குறைவு. என் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். அவரையும் சேர்க்க வேண்டுமானால் கணினியின் சின்க்திங் அமைப்பில் 'குளோபல் டிஸ்கவரி', 'ரிலேயிங்' இரண்டும் இயங்க வேண்டும். முதலிலேயே அப்படித்தான் இருக்கும். இடையில் ரிலே என்ற கடத்திவிடும் சர்வர் வழியாகப் போனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ரிலேக்குத் தெரியாது. அண்ணனின் போனில் மட்டும், வீட்டு வைஃபைக்கு நாம் போட்ட கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். வெளியூரில் யாரும் இல்லையென்றால் கணினியில் அந்த இரண்டையும் அணைத்து, 'லோக்கல் டிஸ்கவரி' மட்டும் விடுங்கள், பெட்டி வீட்டைத் தாண்டாது.

போன் தொலைந்தால்

கணினியில் அந்தக் கருவியை 'ரிமூவ்' செய்யுங்கள். இனிமேல் வரும் மாற்றங்கள் அதற்குப் போகாது. ஆனால் அந்தப் போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் நகல் அங்கேயேதான் இருக்கும். தாக்கோலை இப்போது மாற்றினாலும் பழைய நகல் பழைய தாக்கோலுக்குத் திறக்கும். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். போனுக்குப் பூட்டு இருந்து, தாக்கோலும் வலுவாக இருந்தால் அவசரம் இல்லை. பூட்டு இல்லாத போன் என்றால் அன்றைக்கே ஈமெயிலில் தொடங்கி முக்கியமான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

காகிதம்

இவ்வளவு செய்த பிறகும், ஆறு சொல்லையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி வைக்கச் சொல்வேன். எந்த நிறுவனத்திடமும் கேட்டு இந்தத் தாக்கோலை மீட்க முடியாது, எல்லோரும் மறந்தால் பெட்டி போனது போனதுதான். தாளில் ஆறு சொல், ஆங்கில எழுத்தில் அடிக்கும் விதம், பெட்டி எங்கே இருக்கிறது, எந்தச் செயலியில் திறக்க வேண்டும், இவ்வளவு போதும். இரண்டு மழைக்காலமும் நனைக்கிற ஊர் நம்முடையது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பட்டா, பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். கரையான் ஏறும் மர அலமாரி வேண்டாம். இன்னொரு தாள் நாகர்கோவிலில் தங்கை வீட்டில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியின் நகல் ஒன்றை பென்டிரைவில் எடுத்து அதோடு வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த நகலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.

எல்லாம் முடிந்ததும் ஒருநாள் சோதித்துப் பார்த்தோம். கணினியை அணைத்தேன், ரவுட்டரைக் கழற்றினேன், போனின் டேட்டாவையும் நிறுத்தினேன். அம்மாவிடம் போனைக் கொடுத்து, மின் இணைப்பு எண் என்ன என்று கேட்டுவிட்டுப் பேசாமல் தள்ளி நின்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துத் திறந்து, பட்டியலைப் பைய மேலே தள்ளித் தள்ளித் தேடினார். கிடைத்ததும் ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாக வாசித்தார். நான் சுவரில் தொங்கும் மின்வாரிய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லா இலக்கமும் சரியாக இருந்தன.